போஸ்டரில் அக்கா முகம், மைக்கில் என் குரல்

ராமநாதபுரம் கடற்கரையில், மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து 24 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆறு பக்கக் கடிதம். கூடவே, கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்த ஒப்பந்தத்தை செல்போனில் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். அம்மா பாசி எடுக்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில் அப்பா கையில் காசு இருக்காது. இவர் பி.காம். முடித்து ஒரு தனியார் பள்ளியில் 9,000 ரூபாய்க்கு வேலை பார்க்கிறார். ஞாயிறு பூசையில் பாடகற்குழுவின் முதல் குரல் இவர்தான். அந்தப் பாட்டு ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி, தென் மாவட்டம் முழுக்கப் பேர் வாங்கிய ஒரு குரலிசைக் குழுவின் மாஸ்டர் காதுக்குப் போயிருக்கிறது. ஐந்து பெண்கள் குரல் பிரித்துப் பாடும் குழு. கோயில் கொடை, சந்தனக்கூடு, தேர்த் திருவிழா, கல்யாணம் என்று எல்லா மேடைக்கும் போகிறவர்கள். அந்தக் குழுவின் அடையாளமாகவே இருந்த மூத்த பாடகி, எல்லோரும் ‘அக்கா’ என்று அழைப்பவர், ஆறு மாதம் முன்பு விலகிவிட்டார். அந்த இடத்துக்கு இவரை அழைக்கிறார்கள்.

மாதம் 18,000 சம்பளம், வெளியூர் நிகழ்ச்சிக்குத் தனி பேட்டா. பதிலுக்கு மூன்று ஆண்டு ஒப்பந்தம். இடையில் விலகினால் 5 லட்சம். விலகிய பிறகு ஐந்து ஆண்டுக்கு வேறு எங்கும் மேடை ஏறக் கூடாது. குழுவில் இருக்கும்வரை “ஆலயம் உட்பட” வேறெங்கும் பாடக் கூடாது. பதிவாகும் எல்லாவற்றின் உரிமையும் குழுவுக்கே. அசல் சான்றிதழ்களை ஒப்படைக்க வேண்டும். இதற்கு நடுவில் அக்காவிடமிருந்து ஒரு குரல்செய்தி: “என் பாட்டை நீ பாடினால் கேஸ் போடுவேன்.” மாஸ்டர் சொன்ன வழி என்ன தெரியுமா? பிரபலமான மூன்று பாட்டுக்கு மட்டும் அக்காவின் பழைய ட்ராக்கை ஓடவிட்டு இவர் வாயசைத்தால் போதும், போஸ்டரிலும் இந்த சீசன் முடியும்வரை அக்கா படமே இருக்கட்டும் என்கிறார்.

“சேரலாமா? கேஸ் வந்தால் நான் ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்குமா?” என்று கேட்கிறீர்கள்.

முதலில் மனதைச் சரிப்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு குழுவில் ஒருவர் விலகிய இடத்தில் இன்னொருவர் வந்து பாடுவது குற்றம் இல்லை. அதற்காக ஜெயிலுக்குப் போக வேண்டியதில்லை. நீங்கள் அக்காவின் இடத்தைப் பறிக்கவும் இல்லை. அவர் விலகிய பிறகுதான் உங்களை அழைத்தார்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் பயப்படும் இடம் ஒன்று, உண்மையில் பயப்பட வேண்டிய இடம் வேறொன்று.

பாட்டு வேறு, பாடியது வேறு

நேரில் பாடினால் கேஸ் வரும், அக்கா குரலையே ஓடவிட்டால் வராது, “அது அவர் குரல்தானே” என்று எழுதியிருக்கிறீர்கள். இது அப்படியே தலைகீழ்.

ஒரு பாட்டின் வரி எழுதியவருடையது, மெட்டு அமைத்தவருடையது. அவர்கள் எழுதிக் கொடுத்திருந்தால் தயாரித்தவருடையது. பாடகி எவ்வளவு புகழ்பெற்றவராக இருந்தாலும், பாடியதால் மட்டும் பாட்டு அவருக்குச் சொந்தமாகிவிடாது. மாஸ்டரே வரியும் மெட்டும் போட்டவர் என்று சொல்கிறீர்கள். அப்படியானால் அதே பாட்டை உங்கள் தொண்டையில் நீங்கள் பாடுவதை அக்காவால் தடுக்க முடியாது.

அவருக்கு என்ன இருக்கிறது? 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு, தான் பாடிய அந்த நிகழ்த்தலின் மீது கலைஞருக்கு ஒரு தனி உரிமை கொடுக்கிறது. 50 ஆண்டு நீடிக்கும். 2012-இல் வந்த திருத்தம் அதை இன்னும் பலப்படுத்தியது. இதைப் பாடியவர் இன்னார் என்று அடையாளம் சொல்லப்படும் உரிமையும், தன் பேர் கெடும்படி அதைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையும் பாடகருக்கு உண்டு. அவர் குரலை ஓடவிட்டு, அவர் பேரைச் சொல்லாமல், காசு வாங்கும் மேடையில் இன்னொரு பெண் வாயசைத்தால் அக்கா கையில் நல்ல வழக்கு இருக்கிறது. அவர் பதிவின்போது என்ன எழுதிக் கொடுத்தார் என்பதைப் பொறுத்து அதன் பலம் கூடலாம், குறையலாம். எப்படியோ, அந்தச் சண்டையில் மேடையில் நின்ற முகம் உங்களுடையதாக இருக்கும்.

ஆகவே வாயசைக்க வேண்டாம். அந்த மூன்று பாட்டும் உங்களுக்குக் கஷ்டம் என்றால் சுருதியை இறக்கிப் பாடுங்கள், அல்லது பாட்டை மாற்றச் சொல்லுங்கள். அக்காவின் கரகரப்பை அப்படியே கொண்டுவர முயன்று தொண்டை கட்டிக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது டாக்டர் பேச வேண்டிய விஷயம். ஆனாலும் கேட்கவே சங்கடமாக இருந்தது.

அக்காவின் செய்திக்குக் கோபமாகப் பதில் போடாதீர்கள், அழிக்கவும் செய்யாதீர்கள். முடிந்தால் ஒருமுறை நேரில் பார்த்துப் பேசுங்கள். அக்கா விலகியதற்குக் காரணம் “பணத்திமிர்” என்று குழுவில் சொன்னதை நீங்கள் அப்படியே எழுதியிருக்கிறீர்கள். நான் பார்த்தவரையில் மெல்லிசைக் குழுக்களில் யாராவது விலகினால் பத்துக்கு எட்டு தடவை அதன் அடியில் கொடுக்காத பாக்கி ஒன்று இருக்கும். அவருக்கு நேர்ந்தது என்ன என்று தெரிந்தால், உங்கள் ஒப்பந்தத்தில் எதைக் கவனமாகப் படிக்க வேண்டும் என்பதும் தெரியும்.

மூன்று ஆண்டும் 5 லட்சமும்

இருபது ரூபாய்ப் பத்திரம், பதிவும் செய்யவில்லை, அதனால் செல்லாது, தைரியமாகக் கையெழுத்துப் போடு என்று சித்தப்பா சொல்கிறாராம். சித்தப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சொல்கிறேன்: தவறு. இந்த மாதிரி ஒப்பந்தத்துக்குப் பதிவு தேவையே இல்லை. முத்திரைத்தாள் மதிப்பு குறைவாக இருந்தால், குறைந்த தொகையையும் அபராதத்தையும் கட்டிவிட்டு அதே தாளை நீதிமன்றத்தில் காட்டலாம். செல்லாது என்று நினைத்துக்கொண்டு எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது.

அதே நேரம், போட்டால் மூன்று ஆண்டு அடிமை என்று நீங்கள் பயப்படுவதும் சரியல்ல. ஒருவரின் திறமையை நம்பிச் செய்த ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லி, அதாவது ‘போய்ப் பாடு’ என்று, எந்த நீதிமன்றமும் உங்களுக்குக் கட்டளை போடாது. ஆனால் ஒப்பந்த காலம் முடியும்வரை ‘வேறு இடத்தில் பாடாதே’ என்று தடை போடலாம். இந்த வேறுபாடு பிறந்ததே ஒரு பாடகியின் வழக்கில்தான். 1852-இல் லண்டனில் யோஹானா வாக்னர் என்ற பாடகி ஒரு அரங்கத்தில் பாட ஒப்புக்கொண்டுவிட்டு, அதிகப் பணம் கொடுத்த போட்டி அரங்கத்துக்குப் போகப் பார்த்தார். பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் போட்டி அரங்கத்திலும் பாடக் கூடாது என்றது நீதிமன்றம். நம் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு இன்றும் அதே வழியில்தான் போகிறது.

விலகிய பிறகும் ஐந்து ஆண்டு பாடக் கூடாது என்பது வேறு கதை. பிழைப்பைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கில், ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஒருவரைக் கட்டிப்போடும் நிபந்தனையை ஏற்க உச்ச நீதிமன்றம் 2006-இல் மறுத்துவிட்டது. அந்த ஐந்து ஆண்டு வரிக்கு நீங்கள் தூக்கம் கெட வேண்டியதில்லை. இருந்தாலும் அடிக்கச் சொல்லுங்கள். தாளில் இருந்தால் அதைக் காட்டி மிரட்டுவார்கள். விழாக் கமிட்டிக்காரர்கள் சட்டம் படித்துவிட்டு வந்து உங்களை புக் பண்ணப் போவதில்லை.

5 லட்சம்? அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, தாளில் எழுதிய தொகை என்பது உச்சவரம்பு. நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதைத்தான் நீதிமன்றம் கொடுக்கும். ஆனால் ‘பாண்டு எல்லாம் செல்லாது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூன்று ஆண்டுக்குள் வேலையை விட்டால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற பொதுத்துறை வங்கி ஒன்றின் நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025-இல் செல்லும் என்றது. அந்த வங்கிக்கு ஆளெடுக்கும் செலவு இருந்தது. உங்களுக்குக் குழு என்ன செலவு செய்கிறது? மாதம் 18,000 சம்பளம் கொடுத்துவிட்டு, ஆண்டுச் சம்பளத்தின் இரண்டு மடங்குக்கும் மேலே அபராதம் கேட்பது ஒருபக்கச் சாய்வு. மூன்று மாதச் சம்பளம், அல்லது மூன்று மாத முன்னறிவிப்பு என்று பேசுங்கள். அவர்கள் உங்களை அனுப்பினாலும் அதே முன்னறிவிப்பு இருக்க வேண்டும். இப்போதைய தாளில் அவர்கள் பக்கம் ஒன்றுமே இல்லை, மறுநாளே அனுப்பலாம்.

அசல் சான்றிதழ் விஷயத்தில் பேச்சே வேண்டாம். நகல் கொடுங்கள், அசல் வீட்டில் இருக்கட்டும். என்னிடம் வந்த ஒரு கீபோர்டு கலைஞர் எட்டு மாதம் அலைந்தது பாக்கிப் பணத்துக்காக அல்ல, ஒரு பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டுக்காக.

போஸ்டர்

நீங்கள் இதை ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். எனக்கு இதுதான் முக்கியம்.

வராத பாடகியின் படத்தைப் போட்டு ஆள் கூட்டுவது அக்காவுக்கும் அநியாயம், பணம் கட்டும் ஊருக்கும் அநியாயம். ஒருவரின் பெயர், படம், குரல் ஆகியவற்றை அனுமதியில்லாமல் வணிகத்துக்குப் பயன்படுத்துவதை நீதிமன்றங்கள் இப்போது கடுமையாகப் பார்க்கின்றன. 2024-இல் பாடகர் அரிஜித் சிங் போட்ட வழக்கில், அவர் குரலைச் செயற்கையாக உருவாக்கிப் பயன்படுத்தியவர்களுக்கு பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. போஸ்டர் அடிப்பது மாஸ்டர் வேலைதான், பொறுப்பும் பெரும்பாலும் அவருடையதுதான். ஆனால் ஏமாந்த கூட்டம் கல்லெறிந்தால் அது மேடையில் நிற்பவர் மேல்தானே விழும்?

இதில் உங்களுக்கு இன்னொரு இழப்பும் இருக்கிறது. மூன்று ஆண்டு கழித்து விலகும்போது உங்கள் கையில் என்ன மிஞ்சும்? உங்கள் பெயர் ஒன்றுதான். அது போஸ்டரிலும் யூடியூப் பதிவின் கீழும் வராமல் மூன்று ஆண்டு போனால், நாளைக்குத் தனியாக நின்று பாட ஆரம்பிக்கும்போது நீங்கள் பழையபடி ஒரு வாட்ஸ்அப் கிளிப்தான்.

குழுவின் பெயரில் எனக்கும் பங்கு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. கூட்டாண்மைப் பத்திரத்தில் உங்களையும் சேர்த்தால் ஒழிய, நீங்கள் சம்பளத்துக்குப் பாடுபவர். இசைக்குழு வழக்குகளைப் படிப்பது எனக்கு ஒரு பைத்தியம், அதனால் ஒரு கதை சொல்கிறேன். அமெரிக்காவில் ‘தி ட்ரிஃப்டர்ஸ்’ என்று புகழ்பெற்ற குரலிசைக் குழு. பெயர் மேனேஜர் ஜார்ஜ் ட்ரெட்வெல் கையில், பாடகர்களுக்கு வாரச் சம்பளம். 1958-இல் அவர் மொத்தப் பேரையும் அனுப்பிவிட்டு, ‘ஃபைவ் க்ரவுன்ஸ்’ என்ற வேறொரு குழுவைக் கூட்டிவந்து அதே பெயரில் மேடையேற்றினார். புதியவர்களில் பென் ஈ. கிங் பாடிய பாட்டு 1959-இல் பெரிய வெற்றி. ஆனாலும் சம்பளம் மாறவில்லை. மறு ஆண்டே விலகினார். அப்புறம் தன் சொந்தப் பெயரில் அதைவிடப் பெரிய ஆளானார்.

‘டெம்ப்டேஷன்ஸ்’ என்ற இன்னொரு அமெரிக்கக் குரலிசைக் குழுவில் 1968-இல் டேவிட் ரஃபினை நீக்கிவிட்டு டென்னிஸ் எட்வர்ட்ஸை எடுத்தார்கள். ரஃபின் சும்மா இருக்கவில்லை. நிகழ்ச்சி நடக்கும் இடத்துக்கே வந்து, மேடையில் ஏறி மைக்கைப் பிடுங்கிப் பாடுவார், கூட்டம் ஆர்ப்பரிக்கும். புதியவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள்! எட்வர்ட்ஸ் தன் பாணியில் பாடி, அந்தக் குழுவுக்கு வேறொரு காலத்தையே உண்டாக்கினார். பிற்காலத்தில் அவர் தனியாகப் போனபோது குழுவின் பெயருக்காக அவர் மேலேயே வழக்கு வந்தது, கடைசியில் ‘டெம்ப்டேஷன்ஸ் ரெவ்யூ, டென்னிஸ் எட்வர்ட்ஸ் பங்கேற்பில்’ என்று பெயரை மாற்றிக்கொண்டு பாடினார். உங்களுக்கும் இது நாளை தேவைப்படும். விலகிய பின் ‘இன்ன குழுவில் பாடியவர்’ என்று உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று இப்போதே ஒரு வரி எழுதி வாங்குங்கள். குழுப் பெயரைப் பெரிதாகவும் உங்கள் பெயரைக் கடுகாகவும் போட்டால் அது வம்பு.

ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டியது இதுதான்: “நிகழ்ச்சி போஸ்டர், மேடை அறிவிப்பு, பதிவு ஆகிய மூன்றிலும் பாடகியின் பெயர் குறிப்பிடப்படும், விலகிய பாடகியின் படமோ குரலோ பயன்படுத்தப்படாது, அவர் தொடர்பாக எழும் வழக்குக்குக் குழுவே பொறுப்பு.” மாஸ்டர் இதற்கு ஒத்துவரவில்லை என்றால், அவர் தேடுவது புதுப் பாடகியை அல்ல, அக்காவுக்கு ஒரு வேஷத்தை.

தாத்தாவின் அம்பா

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், அடிக்குறிப்பு மாதிரி, இதைச் சொல்லியிருக்கிறீர்கள். கரைவலை இழுக்கும்போது தாத்தா பாடிய அம்பாப் பாட்டை மாஸ்டருக்குப் பாடிக் காட்டினீர்கள். அவர் அசந்துபோய் ‘இதையே நம் அடுத்த பாட்டாகப் போடலாம்’ என்றார். நீங்களும் சந்தோஷப்பட்டீர்கள்.

கொஞ்சம் பொறுங்கள். கரையில் தலைமுறை தலைமுறையாக எல்லோரும் பாடும் அம்பாவுக்குத் தனி உரிமையாளர் கிடையாது. மாஸ்டர் பதிவு செய்யலாம், நீங்களும் செய்யலாம், பக்கத்து ஊர்க்காரரும் செய்யலாம். ஆனால் தாத்தா தானாகக் கட்டிய அடிகள் அதில் இருந்தால், அவை அவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு அவருடைய வாரிசுகளுக்குச் சொந்தம். உங்களுக்கு மட்டுமல்ல, அத்தைக்கும் பெரியப்பாவுக்கும். அப்புறம், நீங்கள் சம்பள ஊழியராக இருந்துகொண்டு வேலையின் பகுதியாக ஒரு மெட்டு அமைத்தால், மாற்றி எழுதாவிட்டால் அது முதலாளிக்கே போகும். ஆகவே சேரும் முன்பே உங்களிடம் இருக்கும் பாட்டுகளைப் பட்டியல் போட்டு, ‘இவை ஒப்பந்தத்துக்கு வெளியே’ என்று பின்னிணைப்பாகச் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். தாத்தா பாடிய பதிவு போனில் இருந்தால் தேதியோடு இரண்டு இடத்தில் வையுங்கள்.

‘எல்லா உரிமையும் குழுவுக்கே’ என்ற வரி பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு என்று எழுதாமல் விட்டால், சட்டம் அதை ஐந்து ஆண்டு, இந்தியா மட்டும் என்றுதான் எடுத்துக்கொள்ளும். நீங்கள் அனுப்பிய தாளில் இரண்டுமே இல்லை. ‘நிரந்தரமாக, உலகம் முழுதும்’ என்று திருத்திக் கொண்டுவந்தால் அப்போது கவனியுங்கள். உங்கள் குரலில் வரும் பதிவு வணிகத்துக்குப் போகும்போது ராயல்டி என்ன விகிதம் என்பதையும் அங்கேயே கேளுங்கள். சம்பளத்தோடு சரி என்பார்கள். சரி இல்லை.

ஆலயத்தில் பாடக் கூடாது என்ற நிபந்தனை ஒப்பந்த காலத்துக்குள் ஓரளவு செல்லும், அதனால் கையெழுத்துக்கு முன்பே ‘ஊர் ஆலயப் பூசை, குடும்ப விசேஷம் நீங்கலாக’ என்று சேருங்கள். காசு வாங்காமல் பாடுவதில் மாஸ்டருக்கு என்ன நஷ்டம்? கேட்டால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

அம்மாவின் கவலை ராத்திரிப் பயணம். நியாயமான கவலை. நிகழ்ச்சி முடிந்து நள்ளிரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேன் ஓட்டுபவர் பகலில் தூங்கியவரா என்று கேளுங்கள். எல்லோருக்கும் விபத்துக் காப்பீடு வேண்டும் என்று எழுதுங்கள். 2013-ஆம் ஆண்டு பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில், வேலைக்காகப் போகும் இடமும் முதலாளி ஏற்பாடு செய்த வண்டியும் பணியிடம்தான். பத்துப் பேருக்குக் குறைவான குழு என்றால் மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம்.

சேரலாமா என்றால், என் கருத்து: சேருங்கள், ஆனால் இந்தத் தாளில் அல்ல. 9,000-க்கும் 18,000-க்கும் உள்ள வித்தியாசம் உங்கள் வீட்டில் தடைக்காலத்து அரிசி என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் ‘விட்டுவிடுங்கள்’ என்று சொல்லவில்லை. பள்ளி வேலையை உடனே விடாமல், முதல் மூன்று மாதம் நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று பேசிப் பாடிப் பாருங்கள். மாஸ்டர் அவசரப்படுத்தினால் ‘வக்கீலிடம் காட்டிவிட்டுத் தருகிறேன்’ என்று சொல்லுங்கள். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் பேசலாம்.

கையெழுத்துப் போட்டால் அன்றே உங்களுக்கும் ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் போஸ்டர் அச்சுக்குப் போகும் முன் அதன் மாதிரியை உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் அதையும் திருத்தச் சொல்லிவிட்டு மேடை ஏறுங்கள்.